வாலாட்டும் கேள்விகள், கனைக்கும் பதில்கள்

(இந்த முறை குதிரைக்கும் நாய்க்கும் ஆகிற மூலிகை, ஆகாத மூலிகை பற்றி மட்டும். பூனைக்காரர்களுக்கு நடுவில் ஒரு வரி உண்டு.)

கே: அசுவகந்தாவில் 'அசுவம்' இருக்கிறதே, குதிரைக்கென்றே ஏற்பட்ட மருந்தா அது? (சேலம் வாசகர்)

ப: அதில் இருப்பது குதிரை அல்ல, குதிரை வாடை. அசுவம் என்றால் குதிரை, கந்தம் என்றால் மணம். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கிழங்கு என்று கேட்டால் காய்ந்த வேராகக் கொடுப்பார்கள். பச்சையாகப் பிடுங்கி முகர்ந்தால் ஓடி நின்ற குதிரையின் வியர்வை வாசம் அடிக்கும். சாப்பிட்டால் குதிரை பலம் வரும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். குதிரைக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. பெயரைப் பார்த்துத்தான் வைத்தியம் என்றால், குதிரைவாலி அரிசியை அதன் வாலில் அல்லவா கட்ட வேண்டும்?

கே: அப்படியானால் நாய்த்துளசி, நாய்வேளை, நாயுருவி? (கடையநல்லூர் வாசகி)

ப: செடியின் பெயருக்கு முன்னால் 'நாய்' வந்தால் பெரும்பாலும் 'அசல் இல்லை, காட்டுச் சரக்கு' என்று அர்த்தம். பெயர் வைக்கும்போது நாய்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. நாயுருவிக்கு மட்டும் உண்மையிலேயே நாயோடு உறவு உண்டு. அதன் விதை முள்போல ரோமத்தில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் இலவசமாகப் பயணம் செய்யும். இதுபோன்ற முள்விதைகளும் புல்லின் கூர்நுனிகளும் காதுக்குள்ளோ கால் விரலிடுக்கிலோ ஏறினால் சீழ் வைத்துவிடும். வரப்பில் ஓடிவிட்டு வந்த நாயின் நாலு பாதத்தையும் விரித்துப் பாருங்கள். எந்தக் கஷாயத்தையும்விட அது பெரிய வைத்தியம்.

கே: எங்கள் நாய்க்குத் தினமும் சாம்பார் சாதம். உண்ணி வராமலிருக்க நாலு பல் பூண்டும் நசுக்கிப் போடுகிறோம். சரிதானே டாக்டர்? (மயிலாப்பூர் வாசகி)

ப: சரியில்லை அம்மா. உங்கள் நாய் சைவம் என்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. வெங்காய சாம்பார் என்பதில்தான் இருக்கிறது. வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அரித்து உடைக்கும். நம்முடைய சிவப்பணு தாங்கிக்கொள்ளும், அதனுடையது தாங்காது. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் உள்ளே போனால் ரத்தத்தில் கேடு தெரிய ஆரம்பிக்கும். பத்து கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது ஒரு பதினைந்து சின்ன வெங்காயம். ஒரே வேளையில் போக வேண்டும் என்றுகூட இல்லை, தினம் கொஞ்சமாகப் போனாலும் கெடுதல் சேர்ந்துகொண்டே வரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு போகாது. பூண்டுக்கு வெங்காயத்தைவிட வீரியம் அதிகம்.

கேடு உடனே தெரியாது என்பதுதான் இதில் வம்பு. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளிறும், சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு வரும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதற்குள் சாம்பாரை எல்லாரும் மறந்திருப்போம், "நேற்று வெயிலில் அலைந்தான், அதான்" என்போம்.

குதிரைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உலர்ந்த பூண்டைக் குதிரைக்குத் தாராளமாகப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2005-ல் கனடாவிலிருந்து வந்தது. குதிரைகள் விரும்பித் தின்றன. ரத்தசோகையும் வந்தது. மிருகங்களுக்குத் தெரியும், ஆகாததைத் தொடாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தக் குதிரைகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

கே: சரி, வெங்காயம் போடாத ரசம்? (திருவையாறு வாசகர்)

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் பழுதாகும் என்பது வெகுநாளாகத் தெரியும், எந்தச் சரக்கால் என்பதுதான் புதிர். 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நச்சுகளைக் கவனிக்கும் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் விரலை நீட்டினார்கள். அடுத்த வருடமே புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். ஏனென்றால் புளியின் புளிப்பு அதே அமிலம். ஒரு கரண்டி ரசத்தில் நாய் செத்துவிடாது. ஆனால் கொட்டை எடுத்து உருட்டிய புளியைத் தரையில் பரப்பிக் காயவைக்கிற வீட்டில் நாய்க்கு ஒரு சங்கிலி அவசியம். தயிர் சாதம் போடுங்கள். தாளிக்க வேண்டாம்.

கே: அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கினேன். வயிற்றுவலி வந்தால் ஓமமும் பெருங்காயமும் கரைத்து ஊற்றச் சொல்கிறார் விற்றவர். ஊற்றலாமா? (பவானி வாசகர்)

ப: நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜட்கா வண்டிக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். வயிறு உப்பி நின்ற குதிரைக்கு நான் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் ஓமம், சுக்கு, இந்துப்பு மூன்றையும் இடித்து வெல்லத்தில் உருட்டி அதன் நாக்கில் வைத்தார். அரைமணி கழித்துக் குதிரை பின்பக்கமாகப் பெரும் சத்தத்தோடு பதில் சொன்னது. நான் ஊசியை மூடி வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அதே கொட்டடியில் இன்னொரு குதிரை, அதே உருண்டை. அதற்குக் குடல் முறுக்கியிருந்தது. விடியும்வரை தாங்கவில்லை. "போன தடவை கேட்டுச்சே சார்" என்று அவர் கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். ஓமத்தின் தைமால் வாயுவைக் கலைக்கும். முறுக்கின குடலை அது நிமிர்த்தாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றுவலிதான்.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. இரைப்பையின் வாய் ஒருவழிப் பாதை. நமக்கும் நாய்க்கும் தப்பாக எதையாவது விழுங்கினால் திருப்பி அனுப்ப ஒரு வழி இருக்கிறது, குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அதன் வாயில் எதை வைத்தாலும் அது முழுக்கப் பயணம் போய்த்தான் தீரும். கழுத்தைத் தூக்கி மூங்கில் குழாயால் ஊற்றுவது அதைவிட மோசம், பாதி நுரையீரலுக்குப் போகும். மருத்துவர்கள் மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி மருந்து விடுவது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது எண்ணுவது. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் தட்டுப்படும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைக் கீறுவது, படுத்து உருள்வது, இவற்றோடு நாடி 60-ஐத் தாண்டினால் ஓமத்தை நீங்கள் சாப்பிட்டுவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

கே: கொள்ளு குதிரைக்கு மருந்தா, உணவா? (தாராபுரம் வாசகர்)

ப: ஊறவைத்து வேகவைத்து அளந்து போட்டால் உணவு. மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போனால் நஞ்சு. ஒரேயடியாகத் தானியம் தின்ற குதிரைக்கு வயிற்றில் ஆரம்பிக்கிற கோளாறு குளம்புக்குள் போய் நிற்கும். குளம்பின் உட்சதை வீங்கி, கால் ஊன்ற முடியாமல் போய்விடும்.

கே: மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறோம். நன்றாகக் கேட்கிறது. குதிரைக்கும் நாய்க்கும் கற்றாழையை உள்ளுக்குக் கொடுக்கலாமா? (ஒரத்தநாடு வாசகி)

ப: 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு. உங்கள் மாவட்டத்தில் அந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று தெரியும். ஆனால் அது மடிக்கு வெளியே பூசுவது. கற்றாழைக்கு உள்ளே இரண்டு சரக்கு உண்டு. நடுவில் இருக்கும் சோறு சாது. தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் பேதி மருந்து. அந்தப் பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் மூசாம்பரம், கரியபோளம் என்றும் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் குதிரை வைத்தியம் என்றாலே நூற்றாண்டுக் கணக்கில் இந்த மூசாம்பரம்தான். உருண்டை பிடித்துத் தொண்டைக்குள் தள்ளுவார்கள். பந்தயக் குதிரை, பட்டாளத்துக் குதிரை, வண்டிக் குதிரை எல்லாவற்றுக்கும் அதே உருண்டை. சில குதிரைகள் பேதி நிற்காமலே போய்ச் சேர்ந்தன. இன்றைக்கு அந்த நாட்டு மருத்துவர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள். மூலிகையைக் கண்மூடித்தனமாகக் கொடுத்ததில் வெள்ளைக்காரன் நமக்கு இளைத்தவனில்லை. நாய்க்கும் அந்தப் பால் ஆகாது. புண்ணுக்குச் சோற்றைக் கழுவித் தடவலாம், நக்காமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடிந்தால்.

கே: வேப்பெண்ணெய் தடவியும் உண்ணி போகவில்லை. எண்ணெயில் கலப்படமா? (ராஜபாளையம் வாசகர்)

ப: எண்ணெய் நல்லதாகவே இருக்கலாம், அதனிடம் அவசரப்படுகிறீர்கள். வேம்பின் அசாடிராக்டின் பூச்சியை நின்ற இடத்தில் கொல்கிற சரக்கல்ல. குஞ்சு தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும், கொஞ்சம் விரட்டும். மேலும், நாயின் மேல் நீங்கள் பார்க்கும் உண்ணி மொத்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். மீதி உங்கள் சுவர் வெடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் குடியிருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத்தான் சாகும். வீட்டைப் பூசாமல் நாயை மட்டும் பூசினால் எண்ணெய்க் கடைக்காரருக்கு லாபம்.

வசம்புத் தூளை ரோமத்தில் தேய்க்கும் வழக்கமும் உங்கள் பக்கம் உண்டு. வெளியே தேய்க்கலாம். உள்ளே வேண்டாம். அதில் உள்ள ஆசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் தந்ததால் அமெரிக்கா 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்தது. 'பேர் சொல்லாதது' என்று நம் பாட்டிமார் ராத்திரியில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டதை நினைத்தால் ஒரு மரியாதை வருகிறது.

கே: எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். தட்டணு குறைந்துவிட்டது. பப்பாளி இலைச் சாறு போதுமா? (வேளச்சேரி வாசகர்)

ப: வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்குகிற யோசனை இது. தட்டணு குறைவு விளைவு. ரத்தத்தில் எர்லிக்கியா என்ற கிருமி உட்கார்ந்திருக்கிறது, அதை விரட்டுவது டாக்ஸிசைக்ளின். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், நாலாம் நாள் வால் ஆட்டியதும் நிறுத்தக் கூடாது. பப்பாளி இலையால் கிருமி சாகாது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தபின் சாறும் கொடுக்க ஆசைப்பட்டால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: பூனைக்கு? (பெயர், ஊர் போட வேண்டாம் என்கிறார்)

ப: குப்பைமேனியின் வேரைப் பிடுங்கி முற்றத்தில் போட்டுப் பாருங்கள். தெருப் பூனையெல்லாம் வந்து புரளும். சித்த மருத்துவத்தில் அதற்குப் 'பூனைவணங்கி' என்றே ஒரு பெயர். போதும், இது குதிரைப் பக்கம்.

கே: பந்தயக் குதிரைக்கு மூலிகை கொடுத்தால் ஊக்க மருந்துச் சோதனையில் மாட்டாது என்கிறார்களே? (கிண்டி வாசகர்)

ப: நன்றாக மாட்டும். 2008 ஒலிம்பிக்கில் குதிரையேற்றம் ஹாங்காங்கில் நடந்தது. தடை தாண்டும் போட்டியில் நாலு குதிரைகள் சோதனையில் சிக்கின. சிக்கவைத்த பொருள் கேப்சைசின். தமிழில் சொன்னால் மிளகாய்க் காரம். நார்வே அணி வாங்கிய வெண்கலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அது சுவிட்சர்லாந்துக்குப் போனது. மிளகாய்க்கு ஏன் இத்தனை பயம் என்றால், காலில் தடவும்போது அது இரண்டு வேலை செய்யும். தொடர்ந்து தடவினால் வலியை மரக்கச் செய்யும். அப்போதுதான் தடவினால் தோலை எரியவைக்கும், கம்பில் கால் பட்டால் சுரீரென்று இருக்கும் என்று குதிரை இன்னும் உயரத் தாவும். ஆந்திராக்காரர்கள் இதைக் கேட்டு அதிசயப்பட மாட்டார்கள்.

அடுத்து கசகசா. எலிசபெத் ராணியின் 'எஸ்டிமேட்' என்ற குதிரை 2013-ல் ஆஸ்காட் தங்கக் கோப்பையை ஜெயித்தது. 2014-ல் இரண்டாவதாக வந்தது. பிறகு சோதித்தால் மார்ஃபின்! தீவனத்தில் கசகசாச் செடியின் கலப்பு. இரண்டாம் இடம் பறிபோனது. ராணி வீட்டுக் குதிரைக்கே அந்தக் கதி.

மூன்றாவது, வில்லோ மரப்பட்டை. ஆஸ்பிரினுக்கு அண்ணன் முறை. அதன் சாலிசிலிக் அமிலத்தைப் பந்தயக்காரர்கள் பூஜ்யமாக வைக்கச் சொல்ல முடியாமல் ஓர் அளவு நிர்ணயித்திருக்கிறார்கள், சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 750 மைக்ரோகிராம். காரணம் வேடிக்கையானது. குதிரை அன்றாடம் மெல்லுகிற குதிரைமசாலிலேயே அந்த அமிலம் இயற்கையாக இருக்கிறது. மனப்பதற்றத்துக்குக் கொடுக்கும் வலேரியன் வேர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் ஆப்பிரிக்கப் 'பேய் நகம்' ஆகியவையும் போட்டியின்போது கூடாதவை. வேலை செய்யாத மூலிகையைத் தடை செய்ய அவர்களுக்கென்ன வேலையில்லையா?

கே: பழந்தமிழருக்குக் குதிரை வைத்தியம் கைவந்த கலை என்று பேசுகிறார்களே? (மதுரை வாசகர்)

ப: மதுரைக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது வேறு மாதிரி. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்கும். அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துப் போடுகிறார்கள் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும்! இந்த வியாபாரத் தந்திரத்தை நம்புவதற்கு எனக்குச் சிரமமே இல்லை.

வடமொழியில் நூல்கள் இருந்தன. சாலிஹோத்ரர் பெயரில் ஒரு மரபு, வடக்கே குதிரை வைத்தியரைச் 'சாலோத்ரி' என்று அழைத்தது அதனால்தான். நகுலன் பெயரில் இன்னொன்று. விராட நாட்டில் தலைமறைவாக இருந்தபோது குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்ட அதே நகுலன். அந்த அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952-ல் வண்ணப் படங்களோடு அச்சிட்டது. படங்கள் அவ்வளவு அழகு, வைத்தியத்தை விட்டுவிட்டு ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நமக்கென்று ஒரு கல்லூரி வந்தது 1903-ல், வேப்பேரியில், டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு. போலோ வந்து போய் அறுநூறு ஆண்டு.

கே: என் நாய் அருகம்புல் தின்கிறது. வயிறு சரியில்லாமல் தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறதா? (கும்பகோணம் வாசகி)

ப: கலிபோர்னியாவில் 1,571 நாய்க்காரர்களிடம் கேட்டார்கள். தின்பதற்கு முன் நாய் அடிக்கடி சுகமில்லாமல் இருக்கும் என்றவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். தின்றபின் வழக்கமாக வாந்தி எடுக்கும் என்றவர்கள் 22 பேர். மிச்ச நாய்களெல்லாம் சும்மா, நாம் வெற்றிலை போடுகிற மாதிரி. பிள்ளையாருக்குப் பறித்தது மிச்சமிருந்தால் கொடுங்கள். பூச்சிமருந்து அடித்த புல்தரையில் மட்டும் விடாதீர்கள்.

கே: வெற்றிலை என்றதும் நினைவு வந்தது. நாய்க்குக் குடற்புழு நீங்க எங்கள் தாத்தா பாக்குத் தூள் கொடுப்பாராம். கட்டுக்கதையா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

ப: தாத்தா படித்தவர் போலிருக்கிறது. பாக்கில் உள்ள அரிகோலின் நாடாப்புழுவை மரத்துப்போகச் செய்யும், கூடவே நாய்க்குப் பேதி பிடுங்கும், புழு வெளியே வந்து விழும். ஆங்கிலேய மருத்துவர்கள் பாக்குத் தூளையே கொடுத்தார்கள். பிறகு அரிகோலினைப் பிரித்தெடுத்து 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நாய்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் புழுவை அசத்தும் அளவுக்கும் நாயை அசத்தும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. இதயம் பலவீனமான நாய் தாங்காது. பிராசிகுவாண்டெல் வந்தபின் பாக்கு தாம்பூலத் தட்டுக்கே திரும்பிவிட்டது.

கே: வெறிநாய்க்கடிக்கு ஊமத்தை என்று பழைய ஓலைச்சுவடியில் இருக்கிறதாமே? (செஞ்சி வாசகர்)

ப: இருக்கட்டும், சுவடி பத்திரமாக இருக்கட்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற ஊமத்தையும் இல்லை, ஆங்கில மருந்தும் இல்லை. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், உடனே ஊசிக்குப் போங்கள். இதற்கென்றே குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-ல் வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துகிறவர்கள் பழைய ஆட்டுமூளை மருந்துக் காலத்திலேயே நின்றுவிட்டவர்கள். இப்போது நாலைந்து, அதுவும் கையில். உங்கள் நாய்க்கு வருடா வருடம் ஒன்று.

கே: நாயைப் பாம்பு கடித்துவிட்டது. சிறியாநங்கை அரைத்துக் கொடுக்கலாமா? (மாமல்லபுரம் வாசகர்)

ப: மருந்து செடியில் இல்லை, குதிரையில் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஊர் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலிலிருந்தும் விஷம் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதைத் துளித்துளியாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தம் தயாரித்துவைக்கும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. மனிதனுக்குப் போடுவதும் அதுதான், நாய்க்குப் போடுவதும் அதுதான். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கே: வாசலில் செவ்வரளி வைத்திருக்கிறேன். குதிரை வண்டி வந்து நிற்கும் இடம். ஆபத்தா? (பழனி வாசகர்)

ப: பெரிய ஆபத்து. ஐநூறு கிலோ குதிரையைச் சாய்க்க ஒரு கைப்பிடி இலை போதும், ஒலியாண்டிரின் நேராக இதயத்துக்குப் போகும். பச்சை இலை கசக்கும் என்பதால் குதிரை பெரும்பாலும் ஒதுக்கும். நீங்கள் கிளையைக் கழித்துப் போட்டு, அது காய்ந்து வைக்கோலோடு கலந்தால் தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு நஞ்சுதான். ரோஜாச் செடிக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நாய்க்கு அந்த வாசனை பிடிக்கும், தோண்டித் தின்னும். ஆமணக்கின் ரிசினுக்கு நாயும் தப்பாது, குதிரை அதைவிட வேகமாக விழும்.

கே: மருத்துவர் சொல்லித்தான் கஷாயம் கொடுக்கிறேன். ஆனால் நாய் வாயைத் திறப்பதில்லை. (நாகர்கோவில் வாசகி)

ப: தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றாதீர்கள், புரை ஏறும். ஊசி இல்லாத சிரிஞ்சை எடுத்துக் கடைவாய்ப் பக்கம் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள், தானே விழுங்கும். அப்புறம் அந்தக் கஷாயத்தை நீங்கள் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தீர்களா? குடிக்கும்போது நாயை எதிரில் உட்கார வைக்காதீர்கள். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டால் மறுநாள் சிரிஞ்சும் உதவாது.